பொன்னிறக் கோலம் பதித்த பொங்கல் வாழ்த்து அட்டை: ஃபாயிலும் டை கட்டிங்கும் புதிதாகக் கற்பவர்களுக்கு

கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் பிள்ளையார் பொன்னிறத்தில் மின்னுவதையும், அதன் ஓரம் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து வெட்டப்பட்டிருப்பதையும் எல்லோரும் பார்த்திருப்போம். முதலாவதை அச்சகத்தார் ஃபாயில் என்பார்கள்; இரண்டாவதை டை கட்டிங் என்றோ பஞ்சிங் என்றோ சொல்வார்கள். ஒரு காலத்தில் பெரிய இயந்திரம் வைத்திருக்கும் அச்சகத்தில் மட்டுமே செய்ய முடிந்த இவ்விரண்டு வேலைகளையும், கைப்பிடியைச் சுற்றி இயக்கும் ஒரு சிறிய உருளை இயந்திரமும் அலுவலகங்களில் பயன்படும் சாதாரண லேமினேஷன் மெஷினும் இருந்தால் இப்போது சாப்பாட்டு மேசையிலேயே செய்துவிடலாம். பொன்னிறத்தில் ஒரு புள்ளிக் கோலம் பதித்த பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, தாள் வாங்குவது முதல் உறையில் போடுவது வரை ஒவ்வொரு படியையும் இங்கே விளக்குகிறேன்.

தொடக்கத்தில் நான் வீணாக்கிய தாள்களை எண்ணிப் பார்த்தால், கை பிசகியதைவிட வரிசை மாறியதால் வீணானவையே அதிகம். முதலில் ஃபாயில், பிறகு வெட்டு, அதன் பின் மடிப்பு, கடைசியில் ஒட்டு என்பதே வரிசை. வட்டமாக வெட்டி வைத்த தாளின் நட்டநடுவில் கோலத்தைப் பதிப்பது மிகக் கடினம். பதித்து முடித்த கோலத்தைச் சுற்றி வட்டமாக வெட்டுவதோ மிக எளிது. ஃபாயில் சரியாக ஒட்டாமல் போனாலும், வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுவதால் ஒரு தாளோடு நட்டம் முடிந்துவிடும்.

தாளும் அளவும்

ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஏ5 கிடைக்கும்; ஏ5 தாளை நடுவில் மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ6 அட்டை வரும். இதற்குப் பொருத்தமான உறை சி6 எனப்படும் 114 × 162 மில்லிமீட்டர் உறை. ஒரு ஏ4 தாளில் இரண்டு அட்டைகள் மிச்சமில்லாமல் கிடைப்பதால், பழகுபவர்களுக்கு இந்த அளவே சிக்கனமானது.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கணக்கில் கேட்டு வாங்க வேண்டும். மடிக்கும் அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையிலான ஐவரி அட்டை நன்றாக நிற்கும். கோலத்தைப் பதிக்கும் தாள் மட்டும் இதைவிட மெலிதாக, 150 ஜிஎஸ்எம் அளவில் இருக்க வேண்டும். அது லேசர் பிரிண்டருக்குள் போய் வர வேண்டும், வீட்டிலும் கடையிலும் உள்ள பல பிரிண்டர்களில் கனமான அட்டை சிக்கிக்கொள்ளும். தாளின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது கனத்தைவிட முக்கியம். கைத்தயாரிப்புத் தாளும் சொரசொரப்பான தாளும் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், பள்ளமான இடங்களில் ஃபாயில் தொடாமல் விட்டுவிடுவதால் கோடு அரித்ததுபோலத் தெரியும். நிறத்தைப் பொறுத்தவரை அடர் சிவப்பு, மயில்நீலம், கரும்பச்சை ஆகியவற்றின் மேல் பொன்னிறம் எடுப்பாகத் தெரியும். வெள்ளைத் தாளின் மேல் பதித்த தங்க நிறம் சில கோணங்களில் பழுப்புக் கறைபோலத் தோன்றும் என்பதால் நான் அதைத் தவிர்த்துவிடுவேன்.

ஃபாயில் என்பது என்ன, அது எப்படி ஒட்டுகிறது

கடையில் தங்கச் சுருளாக விற்கப்படும் ஃபாயிலில் தங்கம் துளியும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற தங்க ரேக்கு வேறு, இது வேறு. மெல்லிய பாலியஸ்டர் படலம் ஒன்றின் மேல், சூடு பட்டால் கழன்றுகொள்ளும் ஒரு பூச்சு, அதன் மேல் நிறமேற்றிய அரக்குப் பூச்சு, அதன் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், கடைசியில் ஒட்டும் பூச்சு என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. அலுமினியத்தின் வெள்ளைப் பளபளப்பு மஞ்சள் அரக்கு வழியாகத் தெரிவதைத்தான் நம் கண் தங்கம் என்று எடுத்துக்கொள்கிறது. அரக்கில் நிறம் சேர்க்காவிட்டால் அதே ஃபாயில் வெள்ளிநிறமாகிவிடும். இந்த அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்ற குழப்பம் வராது: நிறம் தெரியும் பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும், மங்கலான பக்கம் தாளைத் தொட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய முறைகள் மூன்று. இவற்றில் புதியவர்களுக்கு ஏற்றது டோனர் முறை. லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் உள்ள கறுப்புப் பொடி மை அன்று, பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் மறுபடியும் இளகும். அப்போது அதன் மேல் ஃபாயில் அழுந்தினால் அச்சான கோட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு, வெற்றுத் தாளில் ஒட்டாமல் வந்துவிடும். வீட்டில் உள்ள இங்க்ஜெட் பிரிண்டர் இதற்கு ஆகாது. அதன் மை தாளுக்குள் ஊறிவிடும், சூட்டில் இளகாது. ஃபாயில் வாங்கும்போதும் டோனருக்கானது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது முறையில், சூடாகும் மேடை ஒன்றின் மேல் உலோகத் தகட்டை வைத்து, கல்யாணப் பத்திரிகையில் செய்வதுபோலவே அழுத்துகிறார்கள். ஸ்பெல்பைண்டர்ஸ் நிறுவனத்தின் கிளிம்மர் இந்த வகை. கோடு மிகக் கூர்மையாக விழும் என்றாலும், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித் தகடு வாங்க வேண்டும் என்பதால் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, இரண்டு பக்கமும் பசையுள்ள தாளை வடிவமாக வெட்டி ஒட்டி, அதன் மேல் ஃபாயிலைத் தேய்த்து எடுக்கலாம். இதற்குச் சூடே வேண்டாம், குழந்தைகளும் செய்யலாம். ஆனால் மெல்லிய கோடு வராது.

கோலத்தைப் பதித்தல்

முதலில் கோலத்தை வரைய வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் ஏழு புள்ளி நேர்வரிசைக் கோலம் ஒன்றைப் போட்டு, ஜெராக்ஸ் கடையில் 65 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, நீங்கள் கொண்டுபோன நிறத்தாளிலேயே பிரதி எடுத்துத் தரச் சொன்னால் போதும். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சுருக்கிய பிறகு கோட்டின் தடிமன் 1 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கோடு அங்கங்கே விட்டுப்போகும். மாறாக, உள்ளங்கையளவு இடத்தை முழுவதும் கறுப்பாக நிரப்பினால் ஃபாயிலில் ஊசிமுனைத் துளைகள் தோன்றும். சிக்குக் கோலத்தின் சீரான கோடு இந்த முறைக்கென்றே பிறந்ததுபோல அமைந்துவிடுகிறது. டோனரை மிச்சப்படுத்தும் அமைப்பு பிரிண்டரில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

எழுத்தைப் பதிப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. தமிழ் எழுத்தின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். ‘ண’வும் ‘ழ’வும் ‘ஞ’வும் பொட்டுப்போல ஆகிவிடும். 24 பாயிண்ட் (எழுத்துரு அளவு) அளவுக்குக் குறையாத, சுழிக்குள் நல்ல இடைவெளி உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஃபாயில் எந்த நிற டோனரிலும் ஒட்டும். ஆகவே, பொன்னிறம் வேண்டாத வரிகளும் அதே தாளில் லேசரில் அச்சாகியிருந்தால், ஃபாயிலைக் கோலத்தின் அளவுக்கு மட்டும் வெட்டி வைக்க வேண்டும்.

லேமினேஷன் மெஷினை இயக்கி, ஆயத்த விளக்கு எரிந்த பிறகும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். 80, 125 மைக்ரான் என்று இரண்டு அமைப்புகள் இருந்தால் 125-ஐத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் உருளை அதிகமாகச் சூடாகும். அது சூடேறும் நேரத்தில், கோலத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை பெரிதாக ஃபாயிலை வெட்டி, தாளின் மேல் தூசு இல்லாமல் துடைத்து, பளபளப்பான பக்கம் மேலே தெரியும்படி சுருக்கமின்றி வைக்கவும். ஃபாயில் நிலைமின்சாரத்தால் கையில் ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. பிறகு ஒரு பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து, அதற்குள் தாளையும் ஃபாயிலையும் சேர்த்து வைத்து, மடிப்புள்ள பக்கம் முதலில் உள்ளே போகும்படி மெஷினில் செலுத்துங்கள். மடிப்பு முன்னே போவதால் ஃபாயில் நகராது, உருளையிலும் சுற்றிக்கொள்ளாது.

வெளியே வந்ததும் உரித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். டோனர் இறுகுவதற்கு அரை நிமிடம் விட்டு, ஒரு மூலையிலிருந்து தாளோடு ஒட்டியவாறே பின்னோக்கி மெதுவாக உரிக்கவும். கோட்டில் விடுபட்ட இடங்கள் தெரிந்தால், புதிய ஃபாயில் துண்டை வைத்து மறுபடியும் ஒருமுறை செலுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாள் முழுவதும் பொன்துகள் ஒட்டியிருந்தால் பளபளப்புப் பூச்சுள்ள தாளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அல்லது பிரிண்டர் தாளெங்கும் லேசாக டோனரைச் சிந்தியிருக்கிறது என்று பொருள். ஃபாயிலில் மின்னல்போன்ற கோடுகள் விழுந்தால் வைக்கும்போதே அதில் சுருக்கம் இருந்திருக்கிறது. லேமினேஷன் மெஷின் இல்லாதவர்கள், நீராவியில்லாத இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்து, கெட்டியான மரப்பலகையின் மேல் பட்டர் பேப்பர் போட்டு அழுத்தித் தேய்த்தும் செய்யலாம். அழுத்தம் ஒரே சீராக இராது என்பதால் இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகே நல்ல பதிவு கிடைக்கும்.

உரித்த ஃபாயிலைத் தூக்கி எறிய வேண்டாம். கோலம் போன இடம் கண்ணாடிபோலத் தெளிந்து, சுற்றிலும் தங்கம் மிஞ்சியிருக்கும். இரண்டு பக்கமும் பசையுள்ள தாளின் மேல் அதைத் தேய்த்தால், தங்கத் தரையில் கோலம் வெற்றிடமாகத் தெரியும் இன்னொரு அட்டை கிடைத்துவிடும்.

வெட்டுதல்

இங்கே டை என்பது தலைக்குப் பூசுவதும் அன்று, கழுத்தில் கட்டுவதும் அன்று. விளிம்பு கூர்மையாக எழும்பி நிற்கும் எஃகுத் தகடு. இரண்டு உருளைகளுக்கு இடையே தகடு, தாள், பிளாஸ்டிக் பலகை எல்லாவற்றையும் ஒரே அடுக்காகச் செலுத்தும்போது, கூர்விளிம்பு தாளைத் துளைத்துக்கொண்டு போய் வடிவத்தை வெட்டி எடுக்கிறது. கரும்பு ஆலையின் உருளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிசிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட், ஸ்பெல்பைண்டர்ஸ் பிளாட்டினம் 6 போன்ற கையால் சுற்றும் இயந்திரங்களின் வாய் சுமார் 6 அங்குல அகலம் இருக்கும். ஏ6 அட்டைக்கு அதுவே தாராளம். கணினியோடு இணைத்து இயக்கும் கிரிக்கட், சில்லவெட் வகைகள் கத்திமுனையால் எந்த வடிவத்தையும் வெட்டித் தரும். ஆனால் முதல் அட்டைக்குக் கைப்பிடி இயந்திரமே நல்லது, அழுத்தம் என்ன செய்கிறது என்பதைக் கையே கற்றுக்கொள்ளும்.

வாங்க வேண்டிய முதல் டை, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் வட்டங்களின் தொகுதி. பூங்கொத்து, வண்ணத்துப்பூச்சி, சரிகைப் பின்னல் என்று கடை முழுக்க இறைந்து கிடப்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். அவற்றில் பாதியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த மாட்டீர்கள். வட்டமோ எல்லாப் பண்டிகைக்கும் ஆகும்.

நம் அட்டைக்கு 75 மில்லிமீட்டர் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். 65 மில்லிமீட்டர் கோலத்தைச் சுற்றி 5 மில்லிமீட்டர் இடம் விடும். டையின் நடுவே திறந்திருப்பதால் கோலத்தைப் பார்த்துக்கொண்டே நட்டநடுவில் பொருத்தலாம். டை நகராமலிருக்க எளிதில் உரியும் காகித டேப்பைச் சிறு துண்டாக ஒட்டுங்கள். அதை முதலில் இரண்டு மூன்று முறை துணியில் ஒட்டியெடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்வதும், எந்தக் காரணத்தைக் கொண்டும் ஃபாயிலின் மேல் படாமல் ஒட்டுவதும் அவசியம். டேப்போடு தங்கமும் உரிந்து வந்துவிடும்.

அடுக்கும் வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் சிறிது மாறும் என்பதால், அதனுடன் வரும் குறிப்பைப் பார்த்துச் செய்யவும். பொதுவாகக் கீழே அடிப்பலகை, அதன் மேல் ஒளிபுகும் வெட்டுப்பலகை, அதன் மேல் முகம் மேலாகத் தாள், கூர்விளிம்பு கீழ்நோக்கிய டை, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வெட்டுப்பலகை என்று அமையும். எந்த இயந்திரமாக இருந்தாலும் தாளின் முகமும் டையின் கூர்விளிம்பும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓரம் மென்மையாகச் சரிந்து மெருகோடு தெரியும், எழுத்து டையாக இருந்தால் தலைகீழ்ப் பிம்பமாகவும் ஆகாது. டையை உருளைக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால், நீண்ட விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மோதாமல் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். கைப்பிடியும் இலகுவாகச் சுற்றும்.

சுற்றும்போது நெறுநெறுவென்று கேட்கும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அது பிளாஸ்டிக் பலகையின் முனகல். ஆனால் கைப்பிடி நகரவே மறுத்தால் பலத்தைக் காட்டாமல் பின்னோக்கிச் சுற்றி எடுத்து, அடுக்கில் ஏதேனும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வடிவம் ஓரிடத்தில் மட்டும் வெட்டுப்படாமல் நின்றால், டையை அசைக்காமல், அந்த இடத்துக்கு நேராக அடியில் ஒரு சாதாரணத் தாளைத் துண்டாக வைத்து மறுபடியும் செலுத்தவும். பலகையில் தழும்பு விழுவது இயல்பே. ஒரே பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அது வில்போல வளைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புரட்டி வையுங்கள். நுணுக்கமான வேலைப்பாடுள்ள டையில் தாள் சிக்கிக்கொண்டு வர மறுக்கும். வெட்டும்போதே தாளுக்கும் டைக்கும் நடுவில் ஒரு பட்டர் பேப்பரைக் கொடுத்தால் அது வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

எழுத்தை வெட்ட நினைப்பவர்களுக்குத் தமிழ் ஒரு சோதனை வைத்திருக்கிறது. ‘பொங்கல்’ என்ற சொல்லை வெட்டினால் கொம்பு, ப, கால், ங, க, ல என்று ஆறு துண்டுகளும், மெய்யெழுத்துகளின் இரண்டு புள்ளிகளும் தனித்தனியாக உதிரும். புள்ளி தொலைந்தால் சொல்லே மாறிவிடும். இதற்கு நான் கண்ட வழி, சொல் போன பிறகு மிஞ்சும் ஓட்டைத் தாளைப் பாதுகாப்பதுதான். அதை அட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு துண்டையும் அதனதன் ஓட்டைக்குள் இறக்கி ஒட்டிவிட்டு, கடைசியில் ஓட்டைத் தாளை எடுத்துவிட்டால், எழுத்தும் புள்ளியும் இம்மியும் பிசகாமல் நிற்கும். கிரிக்கட் போன்றவற்றில் வெட்டுபவர்கள் எழுத்துகளுக்கு அடியில் ஒரு பட்டைக் கோட்டை இணைத்து ஒரே துண்டாக ஆக்கிக்கொள்ளலாம். புள்ளியை மட்டும் அப்போதும் கையால்தான் வைக்க வேண்டும்.

மடிப்பு

தாளில் உள்ள நார்கள் ஒரு திசையில் படுத்திருக்கும். ஏ5 தாளை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் எதிர்ப்பின்றி வளைகிறதோ அந்த வாக்கில் மடித்தால் ஓரம் வெடிக்காது. அடர்நிற அட்டையில் மடிப்பு வெடித்து வெள்ளைக் கீறல் தெரிவதற்கு நாரின் குறுக்கே மடிப்பதே பெரும்பாலும் காரணம். மடிப்பதற்கு முன், நடுக்கோட்டில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ரீஃபில் தீர்ந்துபோன பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். விழுந்த பள்ளம் வெளிப்பக்கமும், பின்புறம் எழும்பிய மேடு உள்பக்கமும் இருக்குமாறு மடிக்கவும். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்.

மடித்த அட்டையையே பானை வடிவத்தில் வெட்ட விரும்பினால், மடிப்பு ஓரம் டையின் விளிம்பைத் தாண்டி 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி வைத்துச் செலுத்துங்கள். அந்த இடம் வெட்டுப்படாமல் கீல்போல நின்றுகொள்ளும்.

ஒட்டுதல்

95 × 138 மில்லிமீட்டர் அளவில் இளமஞ்சள் தாள் ஒன்றை வெட்டி, அட்டையின் முகப்பில் டபுள் சைட் டேப்பால் ஒட்டினால் நான்கு புறமும் 5 மில்லிமீட்டர் கரை தெரியும். அதன் மேல் கோல வட்டத்தை ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டினால் அடியில் நிழல் விழுந்து, வட்டம் மிதப்பதுபோல இருக்கும். ஃபெவிகாலைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அதன் ஈரம் மெல்லிய தாளை அலைபோல நெளியச் செய்யும். எழுத்துப் புள்ளிகளை ஒட்ட மட்டும் பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பச்சைத் தாளில் கரும்பு வெட்டி வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். மின்னுவது கோலம் ஒன்றுதான் என்றால் கண் அங்கே போய் நிற்கும். கரும்பு, பானை, சூரியன் எல்லாவற்றுக்கும் தங்கம் பூசினால் அது ஜவுளிக்கடை விளம்பரமாகிவிடும்.

உள்ளே எழுதுவதற்கு 100 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளை அட்டையைவிடச் சிறிது குறைத்து வெட்டி, மடிப்பை ஒட்டிய ஓரத்தில் மட்டும் டேப் வைத்து ஒட்டவும். அடர்நிற அட்டையில் எந்தப் பேனாவும் சரியாகத் தெரியாது. ஃபாயிலின் மேல் ஜெல் பேனா மை காயாமல் இழுகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நூறு, இருநூறு அட்டைகள் தேவைப்பட்டால் வீட்டு முறை முதுகை ஒடித்துவிடும். அப்போது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் உலோக பிளாக் ஒன்று செய்யக் கொடுத்து, ஃபாயிலையும் பஞ்சிங்கையும் அங்கேயே முடித்துக்கொண்டு, ஒட்டும் வேலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முன்பெல்லாம் பொங்கல் வாழ்த்தை ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, உறையின் வாயை ஒட்டாமல் மடித்துச் செருகி அனுப்புவார்கள். ஃபோம் டேப்பில் தூக்கிய அட்டையை அப்படி அனுப்பினால் முத்திரை குத்தும்போது வட்டம் நசுங்கும். கோலத்தின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் போர்த்தி, அட்டையின் அளவுக்கு வெட்டிய கனமான அட்டைத் துண்டு ஒன்றை முகப்போடு சேர்த்து வைத்து உறையிலிடுங்கள். தடிமன் கூடுவதால் சி6 உறை இறுக்கமாக இருக்கும். ஓர் அளவு பெரிய உறையாக வாங்கி, எடையை அஞ்சலகத்தில் நிறுத்துப் பார்த்து அஞ்சல்தலை ஒட்டவும். தை முதல் நாள் கையில் கிடைக்க வேண்டுமானால் ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும்.